விடியும்வரை ஓயாத பாட்டு: தமிழ்நாட்டில் இரவு இசை கேட்க எங்கே, எப்போது போவது?

கோவா, பெங்களூரு என்று சுற்றிவிட்டு வருகிறவர்கள் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: ராத்திரியானால் இங்கே ஒன்றும் கிடையாது, ஊரே அடங்கிவிடுகிறது. நகரங்களை மட்டும் பார்த்தால் அது சரிதான். டாஸ்மாக் கடை 10 மணிக்குச் சாத்திவிடும். மார்கழிக் கச்சேரிகூட 9, 9.30 மணிக்கு மங்களம் பாடி முடிந்துவிடும். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் இரவு 10 மணிக்குத் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் சுருதி பிடிக்கும். அப்புறம் காலை 6 மணி வரைக்கும் பாட்டு ஓயாது. அதே மாதங்களில் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் வள்ளி திருமண நாடகம் விடிய விடிய நடக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு. இவ்வளவு நீளமாக, இவ்வளவு பேர் உட்கார்ந்து கேட்கிற இரவு இசை உலகத்தில் பல இடங்களில் கிடையாது. சுற்றுலாக் கையேடுகளில் மட்டும் இது வருவதில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு டிக்கெட் இல்லை, அரங்கம் இல்லை, வாரா வாரம் நடக்கிற நிகழ்ச்சி நிரலும் இல்லை. பக்கத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டின போஸ்டரும், வீடு வீடாகக் கொடுத்த மஞ்சள் நோட்டீஸும்தான் மொத்த விளம்பரம். வேறு ஊர்களில் பாட்டுக் கேட்கப் போகிறவர் “எந்த இடத்துக்குப் போகலாம்?” என்று விசாரிக்கலாம். இங்கே விசாரிக்க வேண்டியது எந்தச் சாமிக்கு, எந்தத் தேதியில் என்று. இன்றைக்கு ராத்திரி முழுக்க ஆயிரம் பேர் கூடியிருக்கும் ஒரு மைதானத்தில் நாளைக்கு மாடு மேயும். அடுத்த வருஷம் அதே நாள் வரைக்கும் அங்கே ஒரு சலங்கைச் சத்தம்கூடக் கேட்காது.

காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும். திருவிழா என்றால் முதலில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி முடிவாகும். சென்னையில் வேலை பார்க்கிறவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர், துபாயில் இருப்பவர் என்று எல்லார் வீட்டு வரியும் வந்து சேரும். சில இரவுகளின் செலவை ஒரு தெருவோ ஒரு குடும்பமோ உபயமாக ஏற்றுக்கொள்ளும். பிள்ளை பிறந்தது, நோய் தீர்ந்தது என்று நேர்ந்துகொண்டவர்கள் அதில் உண்டு. பெரியவர்கள் போய் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்தால் கலைஞர்களின் தேதி உறுதியாகும்.

ஆக, முதல் தாளம் விழுவதற்கு முன்பே கூலி பேசியாகிவிட்டது. யாரும் வாசலில் நின்று வசூல் செய்ய வேண்டியதில்லை. மேடை கோயிலைப் பார்த்துத்தான் அமைகிறது. முதல் ரசிகர் உள்ளே இருக்கிற அம்மன். பின்னிரவில் முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கிப்போனாலும் ஆட்டம் நிற்காது, வேகம்கூடக் குறையாது. வெளியூரிலிருந்து வருகிறவர் காசு கொடுத்து உள்ளே வந்தவர் அல்லர், ஊராருடைய விருந்தாளி. எங்கே உட்காரலாம், எதைப் படம் எடுக்கலாம் என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஏன் இரவு? பகலில் வெயிலும் வேலையும். ஏன் இந்த மாதங்கள்? தை அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் நெல்லும் காசும் இருக்கும் காலம் மாசியில் தொடங்குகிறது. வயல் காய்ந்து கிடப்பதால் களரி, அதாவது ஆட்டக்களம், போடவும் இடம் உண்டு. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, அப்புறம் அம்மனுக்குரிய ஆடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிராமத்துக் கலைஞர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் குளிர்காலமென்று டிசம்பர், ஜனவரியில் வருகிறார்கள். இந்த இரவுகள் அவர்கள் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட மாவட்டங்கள்: கூத்து

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் கூத்தைத்தான் சொல்வேன். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பகுதி இல்லை. அங்கே திருவிழா என்பது பாரதத்தைத் தொடக்கத்திலிருந்து பதினெட்டாம் போர் வரைக்கும் நாள் கணக்கில் நிகழ்த்திக்காட்டுவது. மதியம் பாரதக் கதையைப் பிரசங்கியார் பாடி விளக்குவார். கடைசிப் பத்து நாளில் அதே கதையை இரவில் ஜமா ஆடிக் காட்டும். கூத்துக் குழுவை அந்தப் பக்கத்தில் ஜமா என்றுதான் சொல்வார்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்து ஜனங்கள் பாயோடு வந்து இடம் பிடிக்கும்போது, பின்னால் ஒரு கொட்டகையில் வேஷம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வதைப் பார்க்கலாம். முகத்துக்கு அரிதாரம், மேலே மீசைக் கோடு, நெற்றியில் நாமம் அல்லது திருநீறு. அப்புறம் கட்டைகள்: லேசான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். பெரிய வேஷம் என்றால் இதையெல்லாம் கட்டி முடிக்க மணிக்கணக்காகும். பெட்ரோமாக்ஸ் விளக்கின் காலத்தில் தூரத்தில் இருப்பவருக்கும் மின்ன வேண்டும் என்று வந்த கண்ணாடித் துண்டுகள், இன்றைய எல்இடி வெளிச்சத்திலும் அதே வேலையைச் செய்கின்றன.

இசைக்காரர்கள் பின்னால் ஒரு பெஞ்சில் உட்காருவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை. முகவீணை பார்க்க ஒரு முழம்கூட இருக்காது; நாதஸ்வரத்தின் சின்னத் தம்பி. ஆனால் அதன் கூர்மையான சத்தம் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். நடிகர்களும் அதே உச்ச சுருதியில்தான் பாடுவார்கள். மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர வேண்டிய குரல் அது. சபாவில் பாட்டுக் கேட்டுப் பழகினவருக்கு முதல் அரைமணி நேரம் காதுக்குக் கடினமாகத்தான் இருக்கும். பொறுத்தால் அந்த உயரத்துக்குள்ளேயே ராகம் நகர்வதும், ஒரு வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் போடும்போது அது கனம் கூடுவதும் பிடிபடும்.

வாத்தியங்கள் மட்டும் வாசித்துக் களரி கட்டுவார்கள். கடவுள் வாழ்த்துக்குப் பின் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வருவான். ஊர் வம்பு, அரசியல், முன்வரிசையில் கொட்டாவி விடுகிறவர் என்று எதையும் விடமாட்டான். அதன்பின் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைக் கால் தெரியும். துரியோதனன் தன்னுடைய பெருமையைத் தானே பாடி முடித்த பிறகுதான் திரை விலகும். சிவந்த முகமும் பெரிய பாவாடையுமாக அவர் கிறுக்கி என்ற சுழலாட்டம் சுற்றும்போது மண் புழுதி கிளம்பி முன்வரிசைப் பிள்ளைகள்மேல் விழும். அவர் பெரும்பாலும் பகலில் உழவு வேலையோ கொத்து வேலையோ பார்க்கிறவர். அந்த ஒரு வருகைக்காகவே பத்து மைல் போகலாம்.

இரவின் நடையைத் தெரிந்துகொண்டு போவது முக்கியம். 10 மணிக்கு வந்து 12 மணிக்குக் கிளம்புகிற வெளியூர்க்காரர், கூத்தின் முன்னுரையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். நள்ளிரவுக்கு மேல் கதை மெல்ல நகரும், தர்க்கம் நீளும், நடுவில் நகைச்சுவை வரும். பலர் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள். அதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. 3 மணிக்கு மேல் தூங்கினவர்களை ஒருவரையொருவர் தட்டி எழுப்புவார்கள். துகிலுரிதல் நடக்கிற இரவென்றால் துச்சாதனன் கை நீட்டுவது அந்த நேரத்தில்தான். கர்ண மோட்சம் என்றால் தேர் சாய்வதும் கர்ணன் மனைவி பொன்னுருவி அழுவதும் கிழக்கு வெளுக்கும்போது. கர்ண மோட்சத்தை இறந்தவர் வீட்டுக் கருமாதி இரவிலும் ஆடுவார்கள். அப்படிப்பட்ட இரவில் யாராவது அழைத்தாலொழிய வெளியாள் போய் உட்காரக்கூடாது.

அர்ச்சுனன் தபசு நாள் பகலிலேயே தொடங்கிவிடும். நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுன வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரச்சேலையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறிகிற எலுமிச்சையும் வில்வமும் மடியில் விழுந்தால் வரம். கடைசி நாளில் படுகளம்: மைதானத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய பீமன் அவன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் ஊரே தீமிதிக்கும். நாடகம் எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கியது என்று அன்றைக்குப் பிரிக்க முடியாது. கலை ஆர்வத்தோடு மட்டும் போகிறவர்கள் இந்த நாள்களில் ஒரு ஓரமாக நின்று பார்ப்பது நல்லது.

திருவிழா நாள் அமையாதவர்களுக்கும் வழி உண்டு. செய்யாறு அருகே புரிசை கிராமத்தில் தம்பிரான் குடும்பம் பல தலைமுறையாகக் கூத்து ஆடுகிறது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக்குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நகரத்து நாடகக்காரர்களின் கண்ணை இந்தப் பக்கம் திருப்பியது புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பார்த்துத்தான். அந்தக் குடும்பத்துக் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஊரில் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகிறார்கள். அதில் வெளியாட்களுக்குத் தாராளமாக இடம் உண்டு. பாரிஸின் ஒரு பெரிய நாடகக்குழு 2016இல் போட்ட தன் நாடகத்துக்குள்ளேயே கூத்தைக் கொண்டுபோனது, புரிசைக் கலைஞரிடம் கற்றுக்கொண்டுதான். காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. என் பார்வையில் சென்ற தலைமுறையில் கூத்துக்கு நடந்த பெரிய மாற்றம் அதுதான்.

மதுரைக்கு அந்தப் பக்கம்: ஸ்பெஷல் நாடகம்

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று இறங்கினால் கூத்தின் இடத்தில் இசை நாடகம் இருக்கும். இதன் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் கையெழுத்து. 1918இல் மதுரையில் அவர் ஆசிரியராக அமர்ந்த பாலர் சபையில் படித்த பையன்கள் பின்னால் தமிழ் நாடகத்திலும் சினிமாவிலும் பெரிய பெயர்கள் ஆனார்கள். சினிமா வந்து நாடகக் கம்பெனிகள் கலைந்த பிறகு, நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஒரு இரவுக்குச் சேர்க்கிற முறை நிலைத்தது. அதற்குப் பெயர்தான் ஸ்பெஷல் நாடகம்.

இது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். ராஜபார்ட் (நாயகன் வேஷம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) ஒரு ஊர், நாரதர் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். தனித்தனியாக பஸ் பிடித்து வருகிறவர்கள், பல நேரம் அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பாட்டும் வரிசையும் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு நடுவில் வருகிற வசனம் அன்றைக்கு மேடையில் பிறப்பது. அதனால்தான் வள்ளி திருமணத்தை ஒரே மாதத்தில் இரண்டு ஊரில் பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு நாடகமாக இருக்கும்.

முதலில் பபூன் வருவார், அப்புறம் டான்ஸ், அவர்கள் இருவரின் சிரிப்புக் கச்சேரி. கதை தொடங்கவே நள்ளிரவு ஆகிவிடும். வள்ளியும் தோழியும் தினைப்புனம் காக்க, நாரதர் வந்து வம்பிழுக்கும் இடம்தான் இரவின் உயிர்நாடி. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்: ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறமா துறவறமா, திருக்குறள் என்ன சொல்கிறது, திருப்புகழ் என்ன சொல்கிறது. ஒருவர் ஒரு விருத்தத்தை எடுத்தால் மற்றவர் அதே ராகத்தில் பதில் எடுக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் இரண்டு பேருக்கும் பின்பாட்டுப் பாடிக்கொண்டே, தடுமாறுகிறவருக்கு அடியெடுத்துக் கொடுப்பார். ஊர்ப் பெரியவர்கள் யார் மடக்கினார், யார் மாட்டிக்கொண்டார் என்று மறுநாள் டீக்கடையில் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த இரவுகளில் கேட்டுக் கேட்டுத் தேவாரமும் குறளும் மனப்பாடம் செய்திருப்பதை அந்தப் பக்கத்து ஊர்களில் காணலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்திரீபார்ட் போடுகிற பெண்களும் டான்ஸ் ஆடுகிற பெண்களும் மேடையில் கைத்தட்டு வாங்கிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் கேட்கிற பேச்சு கொடுமையானது. ராத்திரியில் ஊர் ஊராகப் போய் உழைக்கிற ஒரே காரணத்துக்காக அவர்களைத் தவறாகப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டத்தை மட்டும் செல்போனில் வெட்டி எடுத்து, அசிங்கமான தலைப்போடு இணையத்தில் போடுகிறவர்கள் அதைவிட மோசம். பார்க்கப் போகிற நாம் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.

தெற்கும் டெல்டாவும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியில் கொடை விழா. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில்களில் குடியழைப்பு, உச்சிக்கொடை, சாமக்கொடை என்று ஒரு இரவும் பகலும் சுற்றிவரும். சாமக்கொடை நள்ளிரவில். பெரிய வில்லின் நாணில் மணிகள் தொங்க, பாட்டுக்காரர் வீசுகோலால் தட்டிப் பாடுவார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. சாமியின் பிறப்பையும் சாவையும் கதையாகப் பாடிக்கொண்டே போய், சாமியாடிக்கு அருள் வரவேண்டிய கட்டத்தில் வேகத்தை ஏற்றுவது வில்லுக்காரரின் சாமர்த்தியம். சில கோயில்களில் இதோடு கணியான் கூத்தும் உண்டு; மகுடம் என்ற வட்டப் பறை இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். மேடை வில்லுப்பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொடையில் கேட்கிற வில்லுக்கு வேறு வேகம், வேறு பயம்.

தஞ்சை டெல்டாவின் இரவு நாதஸ்வரத்துக்கு உரியது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அப்புறம் வீதி வலம் வரும் வழியில் நின்று நின்று ராக ஆலாபனை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைத் தெருவில் நின்று மணிக்கணக்காகக் கேட்டவர்கள் இருந்த மண் அது. இப்போது புறப்பாடுகள் சுருங்கிவிட்டன, பல கோயில்களில் வாத்தியக்காரர் இடமே காலியாகக் கிடக்கிறது. நின்று கேட்கிற கூட்டம் யாழ்ப்பாணத்தில் இன்னும் அதிகம். தவிலுக்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊர் அது. அங்கே கோயில் திருவிழாவில் மேளக்கச்சேரி ஒரு தனி நிகழ்ச்சியாகவே இருக்கிறது, தவில் தனியாவர்த்தனத்துக்கு இளைஞர்கள் மேடையைச் சுற்றி நிற்பார்கள்.

டெல்டாவில் விடிய விடிய என்றால் மெலட்டூர்தான். தஞ்சாவூர் அருகே, வைகாசியில் நரசிம்ம ஜெயந்தியையொட்டி பாகவத மேளா. தெலுங்கு நாடகம், பெண் வேஷமும் ஆண்களே போடுவது, பிரகலாத சரித்திரம் விடியற்காலையில் நரசிம்மரோடு முடியும். மொழி புரியாவிட்டாலும் ராகங்கள் பழகினவையாக இருக்கும்.

நகரத்தில் என்ன கிடைக்கும்?

சென்னைக்கு டிசம்பரில் மட்டும்தான் வரமுடியும் என்றால் கூத்தை மறந்துவிட்டு மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது, அதிலிருந்து இந்த சீசன் வளர்ந்தது. மதியக் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. நாளைய பெரிய பாடகர்களை இன்றைக்கு இருபது பேரோடு உட்கார்ந்து கேட்கலாம். அதே மாதத்தில் சில ஆண்டுகளாக நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் மார்கழியில் மக்களிசையில் கானாவும் பறையும் ஒப்பாரியும் ஒரே மேடையில் வருகின்றன. கானா வடசென்னையில் சாவு வீட்டு ராத்திரிகளில் வளர்ந்த பாட்டு. மேடைக்கு வந்த பிறகும் அந்த வலி அதில் இருக்கிறது. பொங்கலை ஒட்டி அரசு நடத்துகிற சென்னை சங்கமத்தில் மாநிலத்தின் எல்லா ஆட்டங்களும் பூங்காக்களிலும் கடற்கரையிலும் வரிசையாக வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம்தான். எட்டு மணி நேரக் கூத்தைப் பத்து நிமிஷத்தில் பார்த்தவர் கிரீடத்தைப் பார்த்திருப்பார், கூத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

இரவுக் கலைகளுக்கு இன்றுள்ள பெரிய நெருக்கடி, நேரக் கட்டுப்பாடு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு வரைக்கும்தான் அரசு தளர்த்தலாம். கூத்து தொடங்குகிற நேரமே 10 மணி. பல ஊர்களில் போலீஸ் அனுமதி, மைக்கைத் தணித்து வைப்பது என்று ஏதோ ஒரு சமாதானத்தில் நடக்கிறது. சில ஊர்களில் முன்னிரவிலேயே தொடங்கி 12 மணிக்கு முடித்துவிடுகிறார்கள். நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும், விதியில் நியாயம் இருக்கிறது. அடுக்கடுக்காகப் பெட்டி வைத்து நெஞ்சு அதிரப் போடுகிற சினிமாப் பாட்டுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மைக் இல்லாமலே நூறு வருஷம் ஆடின கூத்துக்கும் அதே அளவுகோலை வைக்கும்போது, விடியலுக்கு வைத்திருந்த கட்டம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. குறைந்த ஒலியில் விடிய ஆடத் தனி விதி வகுப்பதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும்.

மெல்லிசைக் குழுவும் ஆடல் பாடலும் வந்து கூத்தைக் கெடுத்துவிட்டன என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பல ஊர்களில் முதல் நாள் ஆர்க்கெஸ்ட்ரா, மறுநாள் நாடகம் என்று இரண்டுக்கும் வரி ஒதுக்குகிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் இளையராஜா பாட்டை நேரில் கேட்கிற சந்தோஷமும் உண்மையானதுதான்.

போகிறவர்களுக்கு

தேதி கண்டுபிடிக்க பஸ் நிலையச் சுவர், டீக்கடை, பூக்கடை, கோயில் பூசாரி. இப்போது பல ஜமாக்கள் முழு இரவையும் யூடியூபில் போடுகிறார்கள். கூத்துக்கான தொடர்பு எண் பெரும்பாலும் வீடியோவிலேயே இருக்கும். அதில் கேட்டால் நடக்கிற ஊரைச் சொல்வார்கள். கடைசி டவுன் பஸ் 9 மணிக்குள் போய்விடும், காலையில் முதல் பஸ் வரும்வரை திரும்ப வழி இருக்காது. ஆகவே சொந்த வண்டி, அல்லது ஊரில் தெரிந்தவர் ஒருவர். மதியம் தூங்கிவிட்டுப் போங்கள். ஒரு போர்வை, டார்ச், தண்ணீர். பெண்கள் போனால் பெண்கள் பக்கத்தில் உட்காருவது வசதி. பாட்டிமார்கள் இடம் ஒதுக்கிக் கதையும் சொல்லித் தருவார்கள்.

எந்த ஊர்த் திருவிழாவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவும், யாருடைய சாமி எந்தத் தெரு வரை வரும் என்ற தகராறும் இன்றும் உண்டு. பறையடிக்கிறவருக்கும் வேஷம் கட்டுகிறவருக்கும் தனித் தட்டில் சோறு வைத்த காலம் எல்லா ஊரிலும் முடிந்துவிடவில்லை. வெளியூர்க்காரர் ஒரு இரவில் அதை மாற்றிவிட முடியாது. ஆனால் கலைஞர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பதற்கும், அவர்களை வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசுவதற்கும் யாரும் தடை சொல்லப்போவதில்லை.

படம் எடுக்க ஜமா வாத்தியாரிடமும் விழாக் குழுவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கருவறைப் பக்கமும் அருள் வந்து ஆடுகிறவர்களிடமும் கேமராவைத் திருப்பாதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் அன்பளிப்பு கொடுக்கலாம். பெயரைச் சொல்லி மைக்கில் அறிவிப்பார்கள், கூச்சமாக இருந்தால் வேஷம் கலைத்த பிறகு நேரில் கொடுக்கலாம். பாதி வருஷம் மட்டுமே வருமானம் உள்ளவர்களுக்கு அது சின்னத் தொகை ஆனாலும் உதவும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து இரவெல்லாம் மிருதங்கமும் முகவீணையும் வாசித்தவர்களை மறந்துவிடாதீர்கள். ரசிகர் பணம் பெரும்பாலும் வேஷக்காரரோடு நின்றுவிடும்.

முதல் தடவை போகிறவருக்கு என் யோசனை: சித்திரை அல்லது வைகாசி, செய்யாறு–வந்தவாசிப் பக்கம், துகிலுரிதல் நடக்கிற இரவு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்ததைத் தேடி அலைய வேண்டாம். காலையில் கட்டைகளை அவிழ்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும் வாத்தியாரிடம் “நாளைக்கு எங்க ஆட்டம்?” என்று கேளுங்கள். சீசன் முழுவதற்குமான தேதிகள் அவர் நோட்டில் இருக்கும்.